சாய்வுக்கோடு – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

நானும் உங்கள் ஊர்தான், சுங்கை சிப்புட். அப்பா செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து ஆறு மாதமாக வீட்டிலிருந்தே இணையத்தள வேலை கற்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் தொடங்கினேன், அதை வைத்து எழுதும் ரியாக்ட் என்ற நிரல் தொகுப்பு தெரியாமல் வேலை இல்லை என்றார்கள். ரியாக்ட் தொடங்கினேன், பைத்தான் படி என்கிறான் கோலாலம்பூரில் இருக்கும் பெரியப்பா மகன். லேப்டாப்பில் 4 ஜிபி ராம்தான். ஏதாவது இன்ஸ்டால் செய்தாலே கைப்பேசி டேட்டா தீர்ந்துவிடுகிறது. இப்போது ஏஐயே நிரல் எழுதுகிறது. நான் எந்த மொழியைப் படிப்பது? இந்த ஊரில் உட்கார்ந்து படிப்பதில் பயன் உண்டா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகி)

அன்புத் தங்கைக்கு,

முதல் கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஜாவாஸ்கிரிப்டை விடாதீர்கள், கூடவே சர்வரில் ஓடும் பிஎச்பி என்ற மொழியைப் படியுங்கள். இரண்டுக்கும் உங்கள் லேப்டாப் தாராளம். ஒரு பிரவுசரும் ஒரு எடிட்டரும் பிஎச்பியும் போதும், பெரிய பொதிகளை இறக்க வேண்டியதில்லை. இணையத்தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் பிஎச்பியில் எழுதப்பட்டது என்பதால் சிறு கடைகளுக்கும் சங்கங்களுக்கும் செய்யும் வேலை பெரும்பாலும் அங்கேதான் வந்து நிற்கும். பைத்தான் நல்ல மொழி, அப்புறம் படிக்கலாம். ரியாக்ட் 2013இல் வந்தது. நான் வேலைக்கு வந்த காலத்தில் இதே பேச்சை ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பைப் பற்றிச் சொன்னார்கள். அன்று ஜேக்வெரியைக் கொண்டு செய்த பல வேலைகளை இன்று பிரவுசரே செய்துவிடுகிறது. நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டை மட்டும் முதல் நாளிலிருந்தே பழகுங்கள். நேற்று எதை மாற்றினோம் என்று நினைவை நம்பித் தேடுவது பெரிய வேதனை.

இரண்டாவது கேள்விக்கு ஓர் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் நம் ஊர்க் கோயில் ஒன்றுக்குத் தைப்பூசப் பால்குடப் பதிவுத் தளம் செய்து கொடுத்தேன். பெயரும் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் கொடுத்தால் ரசீது வரும். ரசீதுப் பக்கத்தின் முகவரியில் பக்தரின் பெயரையே வைத்திருந்தேன். என் கணினியில் 'டெஸ்ட் ஒன்று', 'டெஸ்ட் இரண்டு' என்று சோதித்தபோது எல்லாம் ஒழுங்காக ஓடியது. பதிவு திறந்த அன்று இரவு பதினொரு மணிக்குச் செயலாளர் அழைத்தார். "தம்பி, பேரு போட்டா பக்கம் இல்லன்னு வருதுப்பா."

நிரலை வரிவரியாகப் பார்த்தேன். தவறு தெரியவில்லை, சர்வரின் பிழைப் பதிவான லாகிலும் ஒன்றும் இல்லை. பிறகு பதிவுப் பட்டியலைத் திறந்தேன். சீனப் பக்தர்கள் இரண்டு பேருடைய ரசீது மட்டும் சரியாகப் போயிருந்தது. நம் ஆட்கள் ஒருவருக்கும் போகவில்லை. அப்போதுதான் பொறி தட்டியது. ஏ/எல், ஏ/பி, அதாவது மலாயில் 'மகன்', 'மகள்' என்பதன் சுருக்கங்கள். நம்மில் பெரும்பாலோர் ஐசியில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே நிற்கும் அந்தச் சாய்வுக்கோடு!

முகவரியில் சாய்வுக்கோடு பகுதிகளைப் பிரிக்கும் குறி என்பதால் பெயரில் வருவதை அப்படியே போடக்கூடாது, %2எஃப் என்று மாற்ற வேண்டும் என்பது தெரியும். மாற்றித்தான் இருந்தேன். ஆனால் கோயில் தளம் ஓடிய அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருள், முகவரியின் பாதையில் அப்படி மாற்றிய சாய்வுக்கோட்டைக் கண்டால், நாம் வேறு மாதிரி அமைக்காதவரை, 404 (பக்கம் இல்லை) என்று திருப்பி அனுப்பிவிடும். கூடுதல் விவரம் பதியும்படி லாக் அளவை இன்ஃபோவுக்கு ஏற்றிய பிறகுதான் அதைச் சொல்லும் ஒற்றை வரி வந்தது. வீட்டில் நான் சோதித்தது பிஎச்பியோடு வரும் சின்ன சர்வரில். அதற்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. முகவரியில் பெயருக்குப் பதில் பதிவு எண்ணை வைத்து முடித்தபோது மணி இரண்டு. ஒருவருடைய பெயரை முகவரியில் வைத்ததே தவறு என்பதும் அன்றுதான் உறைத்தது.

மறுநாள் இன்னொன்று. ரசீதில் பெயர் நீண்டால் வெட்டுவதற்கு 20 என்று எல்லை வைத்திருந்தேன். ஒருவர் தமிழில் 'முருகன்' என்று எழுதியிருந்தார். 'முருகன' என்று வந்து, புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புச் சாய்சதுரமும் அதற்குள் ஒரு கேள்விக்குறியும். நமக்கு அது நான்கு எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ன, புள்ளி என்று ஏழு. அதைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு, ஆக 21. நான் பயன்படுத்திய கட்டளை பைட்டை எண்ணி வெட்டியதால் புள்ளியின் கடைசி பைட்டு போய்விட்டது. முருகன் கோயில் ரசீதில் முருகன் பெயரே உடைந்து வந்ததைப் பார்த்து மனசு கேட்கவில்லை. பிஎச்பியில் எழுத்தாக எண்ணும் கிராஃபீம் கட்டளைகள் உண்டு, அவை நான்கு என்று சரியாகச் சொல்லும். ஆனால் 'லக்ஷ்மி'யில் அவையும் க், ஷ் என்று பிரித்து நான்காக எண்ணும். நாம் மூன்று என்போம்.

ஏஐயை நானும் தினமும் பயன்படுத்துகிறேன். பதிவுப் படிவம் ஒன்று கேட்டபோது முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டு, எழுத்துகளைத் தவிர வேறு எதையும் ஏற்காதபடி எழுதித் தந்தது. ஏ/எல் பற்றிச் சொன்னதும் அழகாகத் திருத்தியது. சொல்வதற்கு அங்கே ஓர் ஆள் வேண்டியிருந்தது. நீங்கள் அப்பாவின் ஐசியைப் பார்த்து வளர்ந்தவர். இந்த ஊரில் உட்கார்ந்து படிப்பதில் பயன் உண்டா என்று இனிக் கேட்காதீர்கள். கணினியில் தமிழில் தட்டச்சு செய்ய உதவும் முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் மலேசியாக்காரர். அவர் அந்த வேலையைத் தொடங்கியது 1985இல். யூனிகோடின் முதல் பதிப்பே 1991இல்தான் வந்தது.

அந்த இரவுக்குப் பிறகு சோதனைக்கென்று ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். ஏ/எல், ஏ/பி, மலாய்ப் பெயர்களில் வரும் பின், பிந்தி, சரவாக் பெயர்களில் வரும் அனாக், சில ஐசிகளில் பெயருக்கு நடுவே நிற்கும் @ குறி, ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள், தமிழில் எழுதிய பெயர்கள் என்று நாற்பது வரிகள், எல்லாம் நானாகப் புனைந்தவை. எந்தத் தளம் செய்தாலும் முதலில் இவற்றைத்தான் உள்ளே போடுகிறேன். உங்களுக்கு அனுப்புகிறேன். முதல் பயிற்சியாக, பெயரை வாங்கி ரசீது காட்டும் ஒரு பக்கத்தை பிஎச்பியில் எழுதி, நாற்பதையும் ஓட்டிப் பாருங்கள். உங்கள் தாமானில் (குடியிருப்பில்) வேறு மாதிரிப் பெயர் அமைப்பு இருந்தால் 41ஆவது வரியாகச் சேர்த்து எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணன்