கம்பெனி கைவிட்ட ட்ரோன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2017ல ஒரு மடக்குற ட்ரோன் வாங்குனேன், ஒரு தடவைகூட கீழ விழுந்ததில்ல, கேமரா இன்னும் பளிச்சுனு இருக்கு. இப்ப புது போன் மாத்துனதும் அதோட ஆப் இன்ஸ்டாலே ஆக மாட்டேங்குது. கம்பெனிக்கு மெயில் போட்டா இந்த மாடலுக்கு சப்போர்ட் முடிஞ்சிடுச்சுன்னு ஒத்த வரில பதில் வருது. பரண்ல தூக்கிப் போட்டுற வேண்டியதுதானா?

பதில்: பரண் வேணாம், கொஞ்சம் பொறுங்க. உங்க ட்ரோன்ல எதுவும் கெட்டுப்போகல, போன்தான் மாறிருச்சு. அந்தக் காலத்து ஆப் நிறைய 32 பிட்ல, அதாவது பழைய வகை ப்ராசஸருக்காக, எழுதுனது, ஆப்பிள் 2017லயே ஐஓஎஸ் 11ல அந்த மாதிரி ஆப்பை எல்லாம் நிறுத்திட்டாங்க, ஆண்ட்ராய்டுலயும் பிக்சல் 7 மாதிரி போன்ல 32 பிட் ஆப் ஏறவே ஏறாது. யாராவது உக்காந்து அதை மாத்தி எழுதணும், விக்கிறதையே நிறுத்திட்ட மாடலுக்கு எந்தக் கம்பெனி சம்பளம் குடுத்து ஆளை உக்கார வைக்கும், நீங்களே சொல்லுங்க.

அதனால பழைய போன் ஒண்ணைத் தேடிப் பிடிங்க, ஆப் ஓடிட்டு இருந்த காலத்து போனா பாத்து. ஆப்பைப் போட்டு, லாகின் பண்ணி, ஒரு தடவை பறக்கவிட்டுப் பாத்துட்டு ஆட்டோ அப்டேட்டை ஆஃப் பண்ணிருங்க, ஆப்புக்கும் சரி போனுக்கும் சரி. அப்புறம் அந்த போன் ட்ரோனுக்கு மட்டும்தான், பேங்க் ஆப் எல்லாம் அதுல வேணாம், ஏன்னா அதுக்கு செக்யூரிட்டி அப்டேட் இனி வரப்போறதில்ல. ஆப் ஃபைல் கம்பெனி சைட்ல இன்னும் இருந்தா இப்பவே இறக்கி வச்சுக்குங்க. கண்ட சைட்ல கிடைக்குதேன்னு எடுக்காதீங்க, லொகேஷன், பாஸ்வேர்டுன்னு எல்லாத்தையும் கேக்குற ஆப் அது.

ஆனா ஆப்பை விட பெரிய தலைவலி பேட்டரி. லித்தியம் பாலிமர் செல் சும்மா வச்சிருந்தாலும் வயசாகும், சீல் பிரிக்காம கடையில தூங்குன பழைய ஸ்டாக்குக்கும் அதே கதைதான். ஃபுல் சார்ஜ்ல மாசக்கணக்கா வச்சா சீக்கிரம் உப்பும், சுத்தமா காலியாக விட்டா உள்ள இருக்குற சிப் சார்ஜ் ஏத்தவே விடாது, அதனால பாதி சார்ஜ்ல வச்சு அப்பப்ப எடுத்துப் பாருங்க. உப்புனதை எந்தக் காரணத்துக்கும் மாட்டாதீங்க. பேட்டரி போனா போன் ஆஃப் ஆகும், ட்ரோன் யாரு தலையிலயாவது விழும். வேற கம்பெனி பேட்டரி வாங்கலாம், ஆனா சில ட்ரோன் அதை ஏத்துக்காது, உங்க மாடல்ல ஓடுதான்னு விசாரிச்சுட்டு காசைக் குடுங்க.

கேள்வி: கம்பெனி சர்வரையே மூடிட்டா ட்ரோன் பறக்குமா பறக்காதா?

பதில்: பறக்குறதுக்கு சர்வர் தேவையில்ல, ரிமோட்டும் ட்ரோனும் நேரடியா பேசிக்கும். சிக்கல் என்னன்னா பல மாடல்ல முதல் தடவை ஆக்டிவேஷனுக்கும், தடை செஞ்ச ஏரியாவை அன்லாக் பண்றதுக்கும் சர்வர்கிட்டதான் போகணும். ஆகவே ஓடிட்டு இருக்குற செட்டை ரீசெட் பண்ணி விளையாடாதீங்க. சாவி யாரு கையில இருக்குன்னு புரியணும்னா 2017ல டிஜேஐ கம்பெனியோட ஸ்பார்க் ட்ரோனுக்கு நடந்ததைப் பாருங்க, செப்டம்பர் 1க்குள்ள அப்டேட் போடலன்னா ட்ரோன் கிளம்பாதுன்னு சொல்லிட்டாங்க. பாதுகாப்புக்காகத்தான், தப்பு சொல்லல, ஆனா காசு குடுத்து வாங்குன பொருள் கிளம்பறதும் கிளம்பாததும் அவங்க முடிவு.

கேமரா கம்பெனி கோப்ரோவோட கதை இன்னும் சுவாரசியம். 2018லயே ட்ரோன் பிசினஸை விட்டு வெளியேறிட்டாங்க, 2020 ஜனவரி பிறந்ததும் அவங்க கார்மா ட்ரோனுங்களுக்கு ஜிபிஎஸ் கிடைக்காம அப்படியே தரையில நின்னுருச்சு. அப்புறம் அந்த மாசமே அப்டேட் குடுத்து சரி பண்ணாங்க, மனசு வச்சாங்க, அவ்ளோதான். இதுக்கு நேர் எதிர் 3டிஆர் கம்பெனியோட சோலோ ட்ரோன். கம்பெனி 2016ல சாதாரண ஆளுங்களுக்கு ட்ரோன் விக்கிற தொழிலை விட்டாலும் உள்ள ஓடுன ஆர்டுபைலட்ங்கற சாஃப்ட்வேர் ஓபன் சோர்ஸ், அதாவது யாரு வேணா எடுத்து மாத்தி எழுதலாம்ங்கறதால, வச்சிருந்தவங்களே சேர்ந்து ஃபர்ம்வேர் (ட்ரோனுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) எழுதி பல வருஷம் ஓட்டுனாங்க. என்னைக் கேட்டா சப்போர்ட்டை நிறுத்துறதுல தப்பில்ல, நிறுத்துற அன்னிக்கு கடைசி ஆப்பையும் ஃபர்ம்வேரையும் எல்லாரும் இறக்கிக்கிற மாதிரி வச்சுட்டுப் போகணும், அதைக்கூட செய்யாததுதான் கோவம் வருது.

கேள்வி: பழைய மாடல் செகண்ட் ஹேண்ட்ல சீப்பா வருது, வாங்கலாமா?

பதில்: ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு சட்டம். அமெரிக்கால பதிவு பண்ண வேண்டிய ட்ரோன்னா ரிமோட் ஐடி, அதாவது பறக்கும்போதே தன் அடையாளத்தையும் இடத்தையும் சொல்லிட்டே இருக்குற வசதி, வேணும், 2024 மார்ச் 16ல இருந்து கெடுபிடி, பழசுல பெரும்பாலும் அது இருக்காது, தனி மாட்யூல் வாங்கி ஒட்டணும். ஐரோப்பால 2024 ஜனவரியில இருந்து கிளாஸ் லேபிள் (ட்ரோன் எந்த வகைன்னு சொல்ற முத்திரை) இல்லாத, 250 கிராமுக்கு மேல உள்ள ட்ரோனை ஆளுங்க இல்லாத இடத்துலதான் பறக்கவிடலாம். ரெண்டாவது, விக்கிறவர் தன்னோட அக்கவுண்ட்ல இருந்து ட்ரோனைக் கழட்டி விட்டாரான்னு அவர் முன்னாடியே செக் பண்ணுங்க, பாஸ்வேர்டு மறந்துருச்சு அப்புறம் பண்ணித் தரேன்னு சொன்னா வேற ஆளைப் பாருங்க.