'ஆல் ஓகே' ரிப்போர்ட்டை ஓரமாக வையுங்கள், மேல்மாடி வால்வைத் திறக்கச் சொல்லுங்கள்

கேள்வி: சென்னை பழைய மாமல்லபுரம் சாலையில் எங்கள் 14 மாடிக் குடியிருப்பு இருக்கிறது. அடியில் இரண்டு பேஸ்மென்ட் பார்க்கிங், தரைத்தளத்திலும் முதல் தளத்திலும் கடைகள். இந்த ஆண்டு நான் சங்கச் செயலாளர். தீயணைப்புச் சாதனங்களுக்கு ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) கொடுத்திருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து 'ஆல் ஓகே' என்று ரிப்போர்ட் தருகிறார்கள். ஆனால் செக்யூரிட்டி அறையிலுள்ள அலாரம் பேனலில் மஞ்சள் விளக்கு மாதக்கணக்கில் எரிகிறது. சத்தத்தை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தீயணைப்புத் துறைச் சான்றிதழைப் புதுப்பிக்க ஒருவர், "நீங்க எதையும் பார்க்க வேண்டாம் சார், நானே முடிச்சுத் தர்றேன்" என்று ஒரு தொகை கேட்கிறார். கொடுத்துவிடலாமா? எங்கள் கமிட்டியில் யாருக்கும் தொழில்நுட்பம் தெரியாது. இதெல்லாம் வேலை செய்யுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கொடுக்காதீர்கள். விண்ணப்பத்தைச் சங்கத்தின் பெயரிலேயே தீயணைப்புத் துறைக்கு ஆன்லைனில் போடலாம், இடையில் ஆள் தேவையில்லை. இப்படி "முடிச்சுத் தர்றேன்" என்று வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்பதைப் பல கட்டடங்களில் பார்த்திருக்கிறேன். ஆய்வுக்கு முந்தின நாள் இரண்டு பேர் வருவார்கள். தீயணைப்புச் சிலிண்டர்களில் புது ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், தீயணைப்பு பம்ப்பை ஒருமுறை ஓட்டுவார்கள். பழுது காட்டுகிற டிடெக்டர்களை, அதாவது புகையைக் கண்டறியும் கருவிகளை, சரிசெய்யாமல், பேனலின் பதிவிலிருந்தே நீக்கிவிடுவார்கள். மஞ்சள் விளக்கு அணைந்துவிடும். டிடெக்டர் கூரையில் அப்படியே இருக்கும், ஆனால் அதன் அடியில் புகை சூழ்ந்தாலும் பேனலுக்குச் செய்தி போகாது. மஞ்சள் விளக்காவது உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த விளக்கிலிருந்தே தொடங்குங்கள். பேனலின் சின்னத் திரையில் எந்த இடத்தில் என்ன பழுது என்று எழுத்திலேயே வரும். போனில் படம் எடுத்து, ஏஎம்சி நிறுவனத்துக்கு அனுப்பி, எழுத்தில் பதில் கேளுங்கள். பெரும்பாலும் பேட்டரிதான் போயிருக்கும். பேனலுக்குள் 12 வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும். நம்ம ஊர் வெக்கையில் மூன்று நான்கு வருஷம் தாங்கினால் பெரிது. பேனலுக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, சிறிது நேரம் விட்டு, அலாரத்தை அடிக்கச் சொல்லுங்கள். சத்தம் முனகிக்கொண்டு அடங்கினால் பேட்டரியை மாற்ற வேண்டியதுதான். தீ பிடித்த கட்டடத்தில் முதலில் போவது கரண்ட்.

அடுத்தது பம்ப் அறை. நீங்கள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். கன்ட்ரோல் பேனலில் ஒவ்வொரு பம்ப்புக்கும் ஒரு சுவிட்ச் இருக்கும்: ஆட்டோ, ஆஃப், மேனுவல். ஜாக்கி, மின், டீசல் என்ற மூன்று பம்ப்பும் ஆட்டோவில் இருக்க வேண்டும். நான் போகும் கட்டடங்களில் இது ஆட்டோவில் இல்லாமலிருப்பதுதான் அதிகம். எங்கேயோ ஒரு வால்வு கசியும், குழாயில் அழுத்தம் இறங்கும், அதை ஈடுகட்ட ஜாக்கி பம்ப் என்ற சின்ன பம்ப் ராத்திரியெல்லாம் ஓடி ஓடி நிற்கும். சத்தம் தாங்காமல் யாரோ புகார் சொல்வார்கள். கசிவைத் தேட யாருக்கும் பொறுமை இருக்காது. எலக்ட்ரீஷியன் மூன்று சுவிட்சையும் மேனுவலுக்குத் திருப்பிவிடுவார். அதோடு 14 மாடிக்கும் தீயணைக்கத் தண்ணீர் தானாக வராது.

மேனுவலில் வைக்கலாகாதா என்றால், ஒரே சூழ்நிலையில் வைக்கலாம். இதைச் சாக்காக வைத்துத்தான் எல்லோரும் தப்பிக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். ரைசர் குழாயையோ (மாடிகளுக்குத் தண்ணீர் ஏற்றும் செங்குத்துக் குழாய்) வால்வையோ பழுதுபார்க்கத் தண்ணீரை வடித்திருக்கும்போது பம்ப் ஆட்டோவில் இருந்தால், வேலை செய்கிறவர் மேலேயே பீறிட்டு அடிக்கும். அப்போது மேனுவலில் வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. வேலை தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் எழுதி, சுவிட்சிலேயே அட்டை கட்ட வேண்டும். அந்த நேரம் முழுக்க, பம்ப்பை இயக்கத் தெரிந்த ஒருவர் போன் கையோடு பம்ப் அறையில் இருக்க வேண்டும். பழுதாகாத பகுதியின் வால்வுகளைத் திறந்தே வைக்க வேண்டும். ஒரு கிளையில் வேலை என்றால் முழுக் கட்டடத்தின் தண்ணீரையும் வடிக்கக் கூடாது. அன்றைக்குக் கட்டடத்தில் வெல்டிங் வேலை எதுவும் நடக்கக் கூடாது. வேலை அன்று மாலைக்குள் முடியவில்லை என்றால், தற்காலிகமாக அடைத்து, தண்ணீர் ஏற்றி, ஆட்டோவுக்குத் திருப்பிவிட்டு மறுநாள் தொடர வேண்டும். "ஸ்பேர் வரல சார், அடுத்த வாரம் வந்துடும்" என்பது இந்தச் சூழ்நிலையில் சேராது. அட்டையில்லாத மேனுவல் சுவிட்ச் எங்கே கண்டாலும் அன்றே விளக்கம் கேளுங்கள்.

சரி, பம்ப் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? மொட்டைமாடியிலோ மேல்தளத்திலோ உள்ள ஹைட்ரண்ட்டில் (தீயணைப்புக் குழாயின் வாய்) ஹோஸைப் பொருத்தி, அழுத்தம் காட்டும் பிரெஷர் கேஜ் மாட்டி, வால்வைத் திறக்கச் சொல்லுங்கள். கீழே பம்ப் அறையில் உங்கள் கமிட்டி ஆள் ஒருவர் நிற்கட்டும். அங்கே யாரும் எந்தப் பொத்தானையும் தொடக் கூடாது. அழுத்தம் இறங்க இறங்க முதலில் ஜாக்கி பம்ப் ஓடும், அதற்கும் ஈடுகொடுக்காமல் பெரிய மின் பம்ப் தானே ஓடத் தொடங்க வேண்டும். ஓடியபின் தானாக நிற்கக் கூடாது, ஆள்தான் கையால் நிறுத்த வேண்டும். பிறகு மின் பம்ப்பின் பிரேக்கரை அணைத்துவிட்டு வால்வை மறுபடி திறந்தால், டீசல் பம்ப் தானே உறுமிக் கிளம்ப வேண்டும். தண்ணீர் பாயும்போது மேலே கேஜில் அழுத்தம் குறைந்தது 3.5 பார் இருக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்வது. வால்வு மூடியிருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று ரிப்போர்ட்டில் எழுதித் தருவார்கள். அதை ஏற்காதீர்கள். பாயும்போது எவ்வளவு என்பதுதான் கணக்கு.

1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் 'ஒன் மெரிடியன் பிளாசா' என்ற 38 மாடிக் கட்டடத்தில் 22ஆவது மாடி எரிந்தது. குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வுகள் தவறாகச் செட் செய்யப்பட்டிருந்ததால் ஹோஸில் போதிய வேகம் வரவில்லை. தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் உயிரிழந்தார்கள். தீ ஏறி ஏறி 30ஆவது மாடிக்குப் போனதும், அங்கே கூரையில் இருந்த ஸ்பிரிங்க்ளர்களில் (வெப்பத்தில் தானே திறந்து தண்ணீர் தெளிப்பவை) பத்து திறந்துகொண்டு அதை நிறுத்தின. ஒரு தடவை ஹோஸை மாட்டித் திறந்து பார்த்திருந்தால் அந்த வால்வுகளின் குறை முன்பே தெரிந்திருக்கும். உங்கள் 14 மாடியிலும் கீழ்த்தளங்களில் இத்தகைய வால்வுகள் இருக்கலாம், ஏஎம்சிக்காரரிடம் கேளுங்கள்.

உங்கள் கட்டடத்தின் உண்மையான சிக்கல், எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆள் இருப்பது. அலாரத்துக்கு ஒருவர், பம்ப்புக்கு ஒருவர், லிஃப்டுக்கு ஒருவர், ஜெனரேட்டருக்கு ஒருவர். ஒவ்வொருவரும் அவரவர் நாளில் வந்து, அவரவர் சாமான் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஒன்று சொன்னால் மற்றொன்று கேட்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. வருஷத்துக்கு இரண்டு முறையாவது எல்லோரையும் ஒரே நாளில் வரவழையுங்கள். பேஸ்மென்ட்டில் ஒரு டிடெக்டரில் சோதனைப் புகை ஸ்பிரே அடிக்கச் சொல்லுங்கள். எல்லா மாடியிலும் ஹூட்டர் (அலாரச் சங்கு) கேட்க வேண்டும், படுக்கையறைக் கதவை மூடிக்கொண்டு ஒருவர் கேட்டுப் பார்க்கட்டும். லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்து நிற்க வேண்டும். பேஸ்மென்ட் புகைபோக்கி ஃபேன் ஓட வேண்டும், கார்டு தேய்த்துத் திறக்கும் கதவுகள் விடுபட வேண்டும். படிக்கட்டுக்குப் புகை வராமல் காற்றடிக்கும் ஃபேன் ஓடும்போது, வயதானவர் ஒருவரை அழைத்து அந்தப் படிக்கட்டுக் கதவைத் தள்ளச் சொல்லுங்கள். காற்று அதிகமானால் கதவு திறக்காது. இதை எந்த ரிப்போர்ட்டிலும் நான் கண்டதில்லை.

சிலிண்டர்களில் ஒரே ஒரு ஏமாற்று. பவுடர் சிலிண்டரில் முள் இருக்கும், பச்சையில் நின்றால் சரி. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் முள்ளே கிடையாது, எடை போட்டால்தான் தெரியும். வாயுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும். தராசு கொண்டுவராமல் அதற்குப் புது ஸ்டிக்கர் ஒட்டுகிறவருக்குப் பணம் தராதீர்கள்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். நம் நடைமுறை முழுக்க ஒரு நாள் ஆய்வை நம்பி நிற்கிறது. மீதி நாட்களில் பம்ப் ஓடியதா என்ற பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பவர் அரிது. பில்டர் வரைபடம் கொடுக்காமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார், கமிட்டி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. எந்த வால்வு எந்த மாடிக்கு என்று தெரிந்த ஒரே ஆள் பழைய பிளம்பர், அவரும் ஊருக்குப் போயிருப்பார். பல கோடி ரூபாய் வீடுகளுக்கு இதுதான் பாதுகாப்பு ஏற்பாடு! வரைபடத்தைப் பில்டரிடம் எழுத்தில் கேளுங்கள், கிடைக்காவிட்டால் இப்போதே ஒன்று வரையச் செய்யுங்கள்.

கடைசியாக, கீழே உள்ள கடைகள். அவற்றுக்குத் தனி பேனல் இருக்கிறதா, அது உங்கள் செக்யூரிட்டி அறைப் பேனலோடு இணைந்திருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இணைக்காவிட்டால், இரவு ஷட்டர் இறக்கிய கடைக்குள் அலாரம் அடித்தாலும் மேலே தூங்குகிறவர்களுக்குத் தெரியாது. கடைக்காரர்கள் செலவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, அதன் நகலை அவர்களுக்கும் மாவட்டத் தீயணைப்பு அலுவலருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.