கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், 3எக்ஸ் − 4ஒய் + 12 = 0 என்ற கோட்டின் சாய்வை −3/4 என்று எழுதி மார்க்கை விட்டுவிட்டாள். "சூத்திரத்திலேயே மைனஸ் இருக்கே அம்மா" என்கிறாள். எங்கே தப்பு? கோட்டின் திசை என்பதும் சாய்வும் ஒன்றுதானா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: தப்பு நடந்த இடம் ரொம்பச் சின்னது. எக்ஸின் கெழுவை, அதாவது அதன் முன்னால் குறியோடு நிற்கும் எண்ணை, ஒய்யின் கெழுவால் வகுத்து முன்னால் மைனஸ் போட வேண்டும், அதுதான் சூத்திரம். மைனஸைப் போட்டுவிட்டாள், ஆனால் ஒய்யின் கெழு 4 இல்லை, −4. அதையும் சேர்த்தால் இரண்டு மைனஸும் அடிபட்டு 3/4 வந்துவிடும்.

ஆனால் சூத்திரத்தைக் கொஞ்ச நாள் மூடி வைக்கச் சொல்லுங்கள். 4ஒய்-யை அந்தப் பக்கம் கொண்டுபோனால் 4ஒய் = 3எக்ஸ் + 12, நாலால் வகுத்தால் ஒய் = (3/4)எக்ஸ் + 3. எக்ஸை ஒட்டி நிற்பதுதான் சாய்வு, தனியாக நிற்கும் 3 கோடு ஒய் அச்சை வெட்டும் இடம், அவ்வளவுதான். சரிபார்க்க இரண்டு புள்ளி போதும்: எக்ஸ் 0 என்றால் ஒய் 3, எக்ஸ் 4 என்றால் ஒய் 6. வலப்பக்கம் போகப் போகக் கோடு ஏறுகிறது, ஏறுகிற கோட்டுக்கு மைனஸ் சாய்வு வரவே வராது. பரீட்சை ஹாலில் அரை நிமிடத்தில் இதைப் பார்த்துவிடலாம், பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சாய்வு என்றதும் எனக்கு நீலகிரி மலை ரயில்தான் நினைவுக்கு வரும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பாதை 12 அடிக்கு 1 அடி ஏறுகிற இடம் உண்டு, அதாவது சாய்வு 1/12, கோணமாகச் சொன்னால் 5 டிகிரிகூட இல்லை, அதற்கே பல்சக்கரம் தேவைப்படுகிறது. உங்கள் மகளின் கோடோ கிட்டத்தட்ட 37 டிகிரி!

அப்புறம் திசை. பக்கவாட்டில் எத்தனை அடி, மேலே எத்தனை அடி என்று இரண்டு எண்ணாகச் சொல்வது திசை, அந்த இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கிடைப்பது சாய்வு. கெழுக்கள் 3, −4 அல்லவா, இடம் மாற்றி ஒன்றின் குறியை மட்டும் மாற்றினால் (4, 3). ஏன் என்று கேட்பாள், கேட்கட்டும்: 4 பக்கவாட்டில், 3 மேலே நகர்ந்தால் 3எக்ஸ் 12 கூடும், −4ஒய் 12 குறையும், கூட்டுத்தொகை மாறாது, அதனால் புள்ளி கோட்டை விட்டு விலகாது.

இந்த வழி எக்ஸ் = 5 என்ற செங்குத்துக் கோட்டுக்கும் சரிவரும். அங்கே சாய்வு கேட்டால் பூச்சியத்தால் வகுக்க வேண்டிவரும், ஆகவே ‘வரையறுக்க இயலாது’ என்றுதான் எழுத வேண்டும், பூச்சியம் என்று எழுதினால் மார்க் போய்விடும். திசை கேட்டாலோ (0, 1), நேராக மேலே.