ஏழு டாலர் வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின், மாசசூசெட்ஸ் 54ஆம் தன்னார்வக் காலாட்படை என்ற கறுப்பினப் படையின் சேவைக் குறிப்பைத் தேடிப் படித்தேன். எங்கே ஆள் சேர்த்தார்கள், எந்த ஊருக்குப் போனார்கள், எங்கே சண்டை, எப்போது படையைக் கலைத்தார்கள் என்று வெறும் பட்டியல். அதில் இல்லாத ஒரு செய்தியை வேறு இடத்தில் படித்தேன். இந்தக் கறுப்பினச் சிப்பாய்கள் ஒன்றரை வருடம் சம்பளமே வாங்க மறுத்திருக்கிறார்கள். குறைகிற தொகையை நாங்கள் தருகிறோம் என்று மாநில அரசு முன்வந்தும் வேண்டாம் என்றிருக்கிறார்கள். ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள் பட்டினி கிடக்கும்போது இது வறட்டு கௌரவம் இல்லையா? இன்னொன்று, வாக்னர் கோட்டையில் இவர்கள் தோற்றுத்தானே போனார்கள்? அதை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

க., தென்காசி

அன்புள்ள க.,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வாயிலில் மோரிஸ் தீவு. அதில்தான் தெற்குப் படையின் வாக்னர் கோட்டை. 1863 ஜூலை 18 அன்று பொழுது சாயும் நேரத்தில் 54ஆம் படையில் ஏறத்தாழ 600 பேர் அதை நோக்கி ஓடினார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சதுப்பு, நடுவே ஒடுங்கிய மணல்வெளி. இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், பிடிபட்டவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாம் சேர்த்து 270 பேருக்கு மேல். படையை நடத்திய வெள்ளையரான கர்னல் ராபர்ட் கூல்ட் ஷாவுக்கு வயது 25. மதில்மேல் குண்டடிபட்டு விழுந்தார். மேலதிகாரிகள் ஒவ்வொருவராக விழ, மிஞ்சியவர்களைத் திரட்டி நிறுத்தியவர் லூயிஸ் எமிலியோ என்ற 18 வயது கேப்டன். கோட்டை அன்று விழவில்லை. ஆனால் கறுப்பன் துப்பாக்கி முன்னால் நிற்பானா என்று வடக்கிலேயே பேசிக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பிறகு அப்படிப் பேச முடியவில்லை. பிடிபட்டால் போர்க்கைதியாக நடத்தமாட்டோம் என்று, அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு அரசு முன்பே சட்டம் போட்டிருந்தது. கிளர்ச்சி செய்த அடிமை என்று தூக்கிலிடலாம், விற்றும்விடலாம். இது தெரிந்தேதான் ஓடினார்கள்.

இனி சம்பளத்துக்கு வருகிறேன். எனக்கு இந்தப் படையில் மிகப் பெரியதாகப் படுவது அதுதான். வாக்னர் அதற்கு அடுத்தபடிதான்.

அந்தப் போரில் வடக்குப் படையின் பெரும்பகுதி மாநிலங்கள் திரட்டிய தன்னார்வப் படைகள். ஆளுநர் ஆள் சேர்ப்பார், அதிகாரிகளையும் அவரே நியமிப்பார். படை மத்திய அரசின் சேவைக்குள் போன பிறகு சம்பளம் வாஷிங்டனிலிருந்து வரும். மற்ற சிப்பாய்களுக்கு உள்ள அதே சம்பளம், அதே சீருடை, அதே ரேஷன் என்று மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ வாக்குக் கொடுத்தார். போர்த்துறைச் செயலர் ஸ்டாண்டனின் உத்தரவாதத்தை நம்பித்தான் கொடுத்தார். மாதம் 13 டாலர். அந்த வாக்கை நம்பி 1863இன் தொடக்க மாதங்களில் பாஸ்டனுக்கு அருகே ரீட்வில் முகாமில் வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலும் வடக்கில் சுதந்திரமாக வாழ்ந்தவர்கள்: கப்பல் வேலை, முடிதிருத்தும் வேலை, பண்ணை வேலை என்று கைத்தொழிலும் சம்பாத்தியமும் உள்ளவர்கள். அடிமை ஒழிப்புக்குப் போராடிய கறுப்பினத் தலைவர் பிரெடரிக் டக்ளஸின் இரண்டு மகன்களும் இருந்தார்கள்.

போர்முனைக்கு வந்த பிறகு, கறுப்பர்களுக்கு 10 டாலர்தான், அதிலும் உடைக்காக 3 டாலர் பிடித்துக்கொள்வோம் என்றார்கள். 1862இன் ஒரு சட்டத்தைக் காட்டினார்கள். பள்ளம் தோண்டவும் முகாம் வேலை செய்யவும் ஆள் எடுப்பதை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. சார்ஜன்டானாலும் சாதாரணச் சிப்பாயானாலும் ஒரே தொகை. படையின் மதகுரு சாமுவேல் ஹாரிசனுக்கும் அதே 10 டாலர். வெள்ளை மதகுருவுக்கு 100. பட்டுவாடா அதிகாரி வந்தார், ஒருவரும் வாங்கவில்லை. மறுபடி வந்தார், அப்போதும் வாங்கவில்லை.

1863 நவம்பரில் வித்தியாசத் தொகையை மாநிலமே தர மாசசூசெட்ஸ் சட்டமன்றம் சட்டம் செய்தது. நல்லெண்ணத்தோடு செய்ததுதான். நீங்கள் கேட்பது போலவே பலரும் கேட்டார்கள், வாங்கிக்கொண்டால் என்ன என்று. வாங்கியிருந்தால், மத்திய அரசின் கணக்கில் இவர்கள் ஏழு டாலர் ஆட்கள் என்பதை இவர்களே ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும். பின்னால் ஆயிரக்கணக்கில் கறுப்பர்கள் படைக்கு வந்துகொண்டிருந்தார்கள். போர் முடிவதற்குள் அந்த எண்ணிக்கை ஒன்றே முக்கால் லட்சத்தைத் தாண்டியது. அவர்களில் பெரும்பாலோருக்குப் பின்னால் எந்த ஆளுநரும் இல்லை, வித்தியாசத்தைக் கட்ட எந்தச் சட்டமன்றமும் இல்லை. 54ஆம் படை தன் பங்கை வாங்கிக்கொண்டு ஒதுங்கியிருந்தால் அவர்களுக்கு ஏழு டாலரே நிலைத்திருக்கும். இதை வறட்டு கௌரவம் என்று என்னால் சொல்ல முடியாது.

குடும்பங்கள் பட்ட பாடு பற்றி நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. ஊரிலிருந்து வந்த கடிதங்கள் சிப்பாய்களை உருக்குலைத்தன. முகாம்களில் கோபம் கொதித்தது. வேறொரு கறுப்பினப் படையில் வில்லியம் வாக்கர் என்ற சார்ஜன்ட், சம்பளம் சரியாகத் தராவிட்டால் சேவையும் இல்லை என்று தன் ஆட்களோடு துப்பாக்கியைக் கீழே வைத்தார். கலகம் என்று தீர்ப்பாகி 1864 பிப்ரவரியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 54ஆம் படை சம்பளத்தை மறுத்தது, வேலையை மறுக்கவில்லை. அந்தக் கோட்டிலேயே மாதக்கணக்கில் நின்றது.

மோரிஸ் தீவிலிருந்து 1863 செப்டம்பர் 28 அன்று கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி கூடிங், லிங்கனுக்கே கடிதம் எழுதினார். திமிங்கிலம் பிடிக்கும் கப்பல்களில் வேலை செய்தவர். நாங்கள் சிப்பாய்களா, கூலியாட்களா என்று கேட்டார். சிப்பாயின் கடமையைச் செய்திருக்கிறோம், சிப்பாயின் சம்பளம் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டார். நான் படித்த போர்க்காலக் கடிதங்களில் இவ்வளவு மரியாதையாகவும் இவ்வளவு நேராகவும் எழுதப்பட்டது வேறில்லை. 1864 பிப்ரவரி 20 அன்று ஃப்ளோரிடாவின் ஒலஸ்டீ போரில் கூடிங் காயம்பட்டுப் பிடிபட்டார். அந்த ஜூலையில் ஆண்டர்சன்வில் கைதிமுகாமில் இறந்தார். தான் கேட்ட சம்பளத்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

ஒலஸ்டீயில் வடக்குப் படை நொறுங்கிப் பின்வாங்கியபோது, எதிரி துரத்தாமல் தடுத்து நின்றவர்களில் 54ஆம் படையும் ஒன்று. ‘மாசசூசெட்ஸுக்கும் மாதம் ஏழு டாலருக்கும் ஜே’ என்று கத்திக்கொண்டே சண்டைக்குள் போனார்கள். அதன்பின் காயம்பட்டவர்களை ஏற்றிவந்த ரயிலின் எஞ்சின் வழியில் நின்றுவிட்டது. ஓய்ந்துபோயிருந்த இவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். எஞ்சினிலும் பெட்டிகளிலும் கயிறு கட்டி, மைல் கணக்கில் கையால் இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு வருடமாகச் சல்லிக்காசு வாங்காதவர்கள் இழுத்த ரயில் அது. இதற்குச் சேவைக் குறிப்பில் ஒரு வரி கிடையாது.

பட்டியலில் டேரியன் என்ற பெயரும் வரும். 1863 ஜூன் 11, ஜார்ஜியாவில் காவலற்றுக் கிடந்த சிற்றூர். கர்னல் மாண்ட்கோமரியின் உத்தரவில் அதைக் கொள்ளையிட்டுக் கொளுத்தினார்கள். ஷா அதை வெறுத்தார், ஆனாலும் அவர் படையும் அதில் இருந்தது. இவர்களை மதிக்கிற நாம் அதையும் விடாமல் சொல்ல வேண்டும்.

1864 ஜூனில் சம சம்பளச் சட்டம் வந்தது. அதிலும் ஒரு முள். 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திர மனிதனாக இருந்தவனுக்குத்தான் சேர்ந்த நாள் முதலான பாக்கி. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து சேர்ந்தவன் என்ன செய்வான்? ஷாவுக்குப் பின் கர்னலான எட்வர்ட் ஹாலவெல் ஒரு உறுதிமொழி வகுத்தார்: அந்தத் தேதியிலோ அதற்கு முன்போ எந்த மனிதனுக்கும் நான் கூலியில்லா உழைப்புக் கடன்பட்டிருக்கவில்லை. தப்பி வந்தவனும் தலைநிமிர்ந்து சொல்லலாம், ஒரு வார்த்தையும் பொய்யில்லை. யார் சுதந்திரமாகப் பிறந்தவன், யார் தப்பி வந்தவன் என்று படைக்குள் பிரிவினை வராமல் போயிற்று. அந்த இலையுதிர்காலத்தில் பாக்கி முழுவதும் பட்டுவாடா ஆனது. இந்த ஒரு படைக்கு மட்டும் 1,70,000 டாலர் தேவைப்பட்டதாக எமிலியோ எழுதியிருக்கிறார்.

படை 1865 ஆகஸ்டில் கலைந்தது. பட்டியல் அங்கே முடிந்துவிடும். ஸ்டீபன் ஸ்வெய்ல்ஸ் என்பவரை மட்டும் அதன் பிறகும் தொடர்ந்து படியுங்கள். ஒலஸ்டீயில் தலையில் காயம்பட்ட சார்ஜன்ட். ஆளுநர் 1864லேயே அவரை லெப்டினன்டாக நியமித்தும், ஆப்பிரிக்க வம்சம் என்று போர்த்துறை ஏற்க மறுத்தது. 1865 ஜனவரியில்தான் இறங்கிவந்தது. போருக்குப் பின் தென் கரோலினாவிலேயே தங்கி, கிங்ஸ்ட்ரீ ஊரின் மேயரானார், மாநில செனட்டில் பத்தாண்டு உட்கார்ந்தார். 1878இல் வெள்ளையர் கும்பல் அவரை அங்கிருந்து விரட்டியது.