புது டிவியில் படம் சீரியல் மாதிரி தெரிகிறதா?
மோஷன் ஸ்மூத்திங்கை (அசைவை வழவழப்பாகக் காட்டும் டிவி வசதி) அணைத்துவிடுங்கள், சினிமா எல்லாம் சீரியல் மாதிரி வழவழவென்று ஓடுகிறது என்று கேட்டிருந்தீர்களே, அது போய்விடும். டிவியில் பழுது இருக்க வாய்ப்பில்லை.

சினிமா பெரும்பாலும் நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுக்கப்படுகிறது, ஆனால் திரை நொடிக்கு 60 அல்லது 120 முறை புதுப்பிக்கிறது, அந்த இடைவெளியில் டிவி தானாக ஃப்ரேம்களை (தனித்தனிப் படங்களை) உருவாக்கிச் செருகுகிறது. கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சியில் நடிகரின் தோள் விளிம்பைப் பாருங்கள். தண்ணீர் மாதிரி நெளிந்தால் இதுதான் காரணம்.

பிக்சர் செட்டிங்ஸில் இதன் பெயர் எல்ஜி என்றால் ட்ரூமோஷன், சோனி என்றால் மோஷன்ஃப்ளோ. ஃபிலிம்மேக்கர் மோட் என்ற சினிமாவுக்கான பிக்சர் மோட் இருந்தால் இன்னும் நல்லது, இயக்குநர் நினைத்த படம் அப்படியே கிடைக்கும்.

பல டிவிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐக்கும் இது தனித்தனி, அதனால் செட்டாப் பாக்ஸில் மாற்றினாலும் ஆப்களில் மறுபடி மாற்ற வேண்டிவரும். அப்புறம், விளையாட்டுப் போட்டிகள் பார்க்க மட்டும் இதை விட்டுவைக்கலாம், பந்து தெளிவாகத் தெரியும்.