ஹாக்கி கேள்வி–பதில்: கோல் வாங்கினால் பையனை உட்கார வைப்பதா?

கேள்வி: லீக் பட்டியலில் எங்கள் அலுவலக அணி நடுவில் கிடக்கிறது. 19 வயதில் இரண்டு டிஃபண்டர்கள் இருக்கிறார்கள். இறக்கினால் கோல் வாங்குகிறோம், பெஞ்சில் வைத்தால் வளர மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், பெரம்பூர்

பதில்: இருவரையும் ஒரே நேரத்தில் இறக்காதீர்கள். ஒருவர் உள்ளே இருக்கும்போது, பக்கத்தில் ஓர் அனுபவஸ்தர் வாய் ஓயாமல் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹாக்கியில் ஆள் மாற்றக் கணக்கே கிடையாது. 15 நிமிட குவார்ட்டரில் 7, 8 நிமிடம் ஆடவிட்டு வெளியே அழையுங்கள், பேசுங்கள், திரும்ப அனுப்புங்கள்.

முதலில் ரைட் பேக்கில் நிறுத்துங்கள். அங்கே சைடு லைன் அவருக்கு வலப்பக்கம். எதிராளியை வெளியே ஒதுக்கினால் பந்து வலப்பக்கம், அதாவது ஸ்டிக் இயல்பாகப் போகும் ஃபோர்ஹேண்டுக்கு வரும். லெஃப்ட் பேக்கில் அதே வேலையை ரிவர்ஸில், ஸ்டிக்கைத் திருப்பி இடப்பக்கம் செய்ய வேண்டும். அது அடுத்த சீசன் பாடம்.

இந்த வயதுக்கே உரிய தப்பு, பந்தைக் கண்டதும் பாய்வது. எடை முன்காலுக்குப் போய்விட்டால் ஃபார்வர்டு சுலபமாகக் கடந்துவிடுவார். சைடு லைனை ஒட்டி 10 மீட்டர் அகலத்துக்கு கோன் வைத்து, ஒருவருக்கு ஒருவர் ஆடவிடுங்கள். முதல் ஐந்து நிமிடம் டேக்கிளே கூடாது: இடது கால் முன்னே, ஸ்டிக் தரையில், பின்வாங்கியபடி ஒதுக்க மட்டும். பிறகு இடக்கை ஜாப், அதாவது ஒரு கையால் ஸ்டிக்கை நீட்டிப் பந்தைக் குத்துவது. குத்திய வேகத்தில் ஸ்டிக் திரும்பிவிட வேண்டும். கோலுக்கு முன்னால் இருக்கும் 'டி' வளைவுக்குள் உங்கள் டிஃபண்டர் காலில் பந்து பட்டால் எதிரணிக்கு பெனால்டி கார்னர் (கோல் லைனிலிருந்து பந்தைத் தள்ளிக் கொடுத்து ஷாட் அடிக்கும் வாய்ப்பு) என்பதால், இந்த மல்லுக்கட்டெல்லாம் அந்த 14.63 மீட்டர் வளைவுக்கு வெளியிலேயே முடியட்டும்.

வாங்கிய கோல்களை வீடியோவில் பத்து விநாடி பின்னால் ஓட்டிப் பாருங்கள். பந்தைப் பறிகொடுத்தது மிட்ஃபீல்டாக இருக்கும், பழி கடைசியில் நின்ற பையன் தலையில் விழுந்திருக்கும். தப்பு அவருடையதேயானால், சொந்த 'டி'க்கு முன்னால் குறுக்கே கொடுத்த பாஸா என்று பாருங்கள். அந்த பாஸுக்குத் தடை போடுங்கள். வழியில்லையென்றால் பந்து சைடு லைனைத் தாண்டிப் போகட்டும். கோல் வாங்கியதற்காக மட்டும் பையனை உட்கார வைக்காதீர்கள்: 2023 ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதியில், நம் எழும்பூரிலேயே, இந்தியா பாதி ஆட்டத்தில் 1–3 என்று பின்தங்கித்தான் 4–3 என ஜெயித்தது.

கேள்வி: எதிரணியின் பெனால்டி கார்னரில், ஷாட் அடிப்பவரைத் தடுக்க 18 வயதுப் பையனை முதல் ஆளாக ஓடவிடலாமா?
– வாசகர், அயனாவரம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதல் ஷாட் அடிக்கும்போது 5 மீட்டருக்குள் வந்து பந்தை முழங்காலுக்குக் கீழே வாங்கினால் மறுபடியும் கார்னர்தான். ஓடும் கோணம் பழகும்வரை இரண்டாவது ஆளாக ஓடட்டும். முகக் கவசம், கையுறை, முழங்கால் கவசம் மூன்றையும் பயிற்சியிலேயே போடச் சொல்லுங்கள். மேட்சில் முதன்முதலாக மாட்டினால் பார்வை தடுமாறும்.