மிச்ச நூலுக்கு ஏற்ற சிறு பின்னல்கள்

கேள்வி: நான் குன்னூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. பிள்ளைகளுக்கும் பேரக்குழந்தைகளுக்கும் ஸ்வெட்டர் பின்னியபோது மிஞ்சிய நூல் உருண்டைகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கிடக்கின்றன. எந்த நிறமும் ஒரு முழு ஸ்வெட்டருக்குப் போதாது. வீசவும் மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே போர்வையாகப் பின்னிவிடச் சொல்கிறாள் மகள். சிறு பொருள்களாகப் பின்னுவதென்றால் எந்த நூலில் எதைப் பின்னுவது?

பதில்: மகள் சொல்லும் போர்வையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். மிச்ச நூல் என்றதும் எல்லோரும் சொல்லும் யோசனை அதுதான். ஆனால் கட்டிலுக்குப் போதுமான போர்வைக்கு ஒரு கிலோவுக்கும் அதிகமான நூல் வேண்டும்; பாதியில் ஏதோ ஒரு நிறம் தீர்ந்துபோகும், அதற்கு ஈடாகப் புதிய நூல் வாங்குவீர்கள், அதிலும் கொஞ்சம் மிஞ்சிப் பெட்டிக்கே திரும்பும். 2016 ஜனவரியில் சென்னையில் 11,148 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) போர்வை கின்னஸ் சாதனை படைத்தது உண்மைதான். அதற்குப் பின்னால் பெண்களின் பெருங்கூட்டம் ஒன்று உழைத்தது. உங்களிடம் இருப்பவை இரண்டு கைகள்.

மாதிரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு நூலைத் தேடுவதே பலருடைய வழக்கம். மிச்ச நூலைப் பொறுத்தவரை அந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். நூல் எந்த இழையால் ஆனது, எவ்வளவு தடிமன், எத்தனை கிராம் என்ற மூன்றும் தெரிந்த பிறகே எதைப் பின்னுவது என்று முடிவுசெய்ய வேண்டும்.

பழைய உருண்டைகளில் பெயர்ச்சீட்டு இருக்காது என்பதால், முதலில் இழையைக் கண்டறியுங்கள். விரல் நீளத் துண்டு ஒன்றை இடுக்கியால் பிடித்து, தண்ணீர் உள்ள கிண்ணத்தின் மேலே வைத்து நுனியில் தீ காட்டுங்கள். ஆட்டுக்கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாடை வரும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கரிய மணியாகத் திரண்டுவிடும். ஆறும்வரை அதைத் தொடாதீர்கள். இந்தச் சோதனையை அவசியம் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அக்ரிலிக்கில் பின்னிய கரித்துணியால் அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கினால் அது உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். கரித்துணிக்கும் சூடான பாத்திரம் வைக்கும் விரிப்புக்கும் பருத்தியையோ கம்பளியையோ மட்டுமே எடுங்கள், அதுவும் இரட்டை இழையாக. அதேபோல, கம்பளியையும் அக்ரிலிக்கையும் ஒரே பொருளில் கலந்தால், வெந்நீரில் துவைக்கும்போது ஒன்று சுருங்கி மற்றொன்று சுருங்காமல் நின்று உருவமே கோணிவிடும்.

தடிமனைப் பார்க்க அளவுகோல் மீது ஓர் அங்குலத்துக்கு நூலை நெருக்கமாகச் சுற்றி, சுற்றுகளை எண்ணுங்கள். ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை வருபவை ஒரே குழு. மெல்லிய 4 பிளை நூல் இரண்டைச் சேர்த்துப் பிடித்தால், 8 எண் ஊசிக்கு, அதாவது 4 மில்லிமீட்டர் ஊசிக்குப் பொருந்தும் தடிமன் கிடைக்கும். இரு நிறங்களைச் சேர்த்துப் பிடிக்கும்போது தோன்றும் புள்ளிக்கலவை, தனித்தனியே பிடிக்காத நிறங்களைக்கூட ஏற்கும்படி செய்துவிடுவது எனக்கு மிகவும் பிடித்தது.

அடுத்து, சமையலறை எடைக்கருவியில் ஒவ்வோர் உருண்டையையும் நிறுத்து, எடையைத் துண்டுச்சீட்டில் எழுதிச் செருகி வையுங்கள். நடுத்தரத் தடிமனுள்ள நூலில், பிறந்த குழந்தைக்கான காலுறை ஜோடிக்கு ஏறக்குறைய 20 கிராமும், குல்லாவுக்கு 25 கிராமும் போதும். காது மூடும் தலைப்பட்டைக்கு 30 கிராம், விரல் நுனி திறந்த கையுறைக்கு 50 கிராம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஊர்க் குளிருக்குக் கடைசி இரண்டும் கட்டாயம் பயன்படும். குழந்தைப் பொருள்களில் நீண்ட நாடா, குஞ்சம், பொத்தான் எதுவும் வேண்டாம்.

இருக்கும் நூலை முழுவதுமாகத் தீர்ப்பதற்கு மூலைவாட்டில் பின்னும் சதுரத்தைவிடச் சிறந்த வழி இல்லை என்பது என் கருத்து. நான்கு கண்ணிகள் ஏற்றி, முதல் வரிசையை அப்படியே நிட்டாக, அதாவது சாதாரண நேர்ப்பின்னலாகப் பின்னுங்கள். பிறகு ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் இரண்டு நிட், ஊசிமேல் ஒரு சுற்று, மீதியெல்லாம் நிட். வரிசைக்கு ஒரு கண்ணி கூடிக்கொண்டே போகும். அவ்வப்போது உருண்டையை நிறுத்துப் பார்த்து, தொடங்கிய எடையில் பாதியைவிட ஓரிரு கிராம் கூடுதலாக மிஞ்சியிருக்கும்போதே குறைக்கத் தொடங்குங்கள்: ஒரு நிட், இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒரு நிட், ஊசிமேல் ஒரு சுற்று, மறுபடியும் இரண்டைச் சேர்த்து ஒரு நிட், மீதி நிட். 10 கிராம் என்றாலும் 40 கிராம் என்றாலும் நூல் முடியும் இடத்தில் சதுரமும் முடியும். பருத்தியில் இது முகம் துடைக்கும் துணி. கம்பளியில் நாற்காலி இருக்கை விரிப்பு. நேராகப் பின்னும் பொருள்களில், மீதமுள்ள நூல் பின்னலின் அகலத்தைப்போல மூன்று மடங்குக்குக் குறைவாக இருந்தால் அடுத்த வரிசை முடியாது. கண்ணிகளை அடைத்து முடிக்க நான்கு மடங்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

நிறத்தேர்வில் குழப்பம் வந்தால், உருண்டைகளை அருகருகே வைத்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். ஒரே சாம்பலாகத் தெரியும் இரண்டை அடுத்தடுத்த வரிகளில் பின்னினால் கோடு எடுபடாது. அடர் சிவப்பையும் கருநீலத்தையும் வெள்ளையோடு சேர்க்குமுன், நனைத்த வெள்ளைத்துணியில் அழுத்திச் சாயம் ஏறுகிறதா என்று பாருங்கள்.

பெட்டியைத் திறந்தவுடன் கம்பளி உருண்டைகளைத் தனியே எடுங்கள், ஏனெனில் அந்துப்பூச்சியின் புழு தின்பது அவற்றைத்தான். லேசாக இழுத்தாலே ஆங்காங்கே அறும் உருண்டையைப் பின்னலுக்கு எடுக்காதீர்கள். அதை உடனே வெளியேற்றிவிட்டு, மற்றவற்றை நல்ல வெயிலில் உலர்த்தி, உதறி, இறுக மூடும் பையில் போடுங்கள். ஐந்து கிராமுக்கும் குறைவான நல்ல துண்டுகளை ஒரு பழைய தலையணை உறையில் சேர்த்து வந்தால், பொம்மைக்கோ ஊசி குத்தி வைக்கும் மெத்தைக்கோ உள்ளடைப்பாகும்.